ஸ்லைடின் தலையில் சொல்லா, வாக்கியமா?

ஆய்வரங்க ஸ்லைடின் மேலே "முடிவுகள்" என்று ஒற்றைச் சொல்லைப் போட்டு, கீழே குறிப்புகளை வரிசையாக அடுக்குவது பழைய வழக்கம். தயாரிப்பது எளிது. ஆனால் அவையோர் திரையைப் படிக்கத் தொடங்கினால் பேச்சைத் தவறவிடுகிறார்கள்.

அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தில் பொறியியல் மாணவர்களுக்கு எழுத்தும் பேச்சும் கற்பித்த மைக்கேல் ஆலி வலியுறுத்தும் முறை வேறு: மேலே கண்டுபிடிப்பைச் சொல்லும் முழு வாக்கியம், கீழே அதற்குச் சான்றாக ஒரு வரைபடமோ படமோ மட்டும். "மண்ணில் உப்பு கூடினால் நெல் முளைப்பு குறைகிறது" என்று எழுதிவிட்டால், தாமதமாக வந்து கடைசி வரிசையில் அமர்பவருக்கும் செய்தி எட்டிவிடும். உழைப்பு அதிகம்தான். ஆனால் வாக்கியம் அமையாவிட்டால், அந்த ஸ்லைடில் சொல்வதற்கு ஒன்றுமில்லை என்பது மேடையேறும் முன்பே தெரிந்துவிடுகிறது. இதற்காகவே நான் இம்முறையின் பக்கம் நிற்கிறேன். வாக்கியம் இரண்டு வரியைத் தாண்ட வேண்டாம்.

கருவிகள், மாதிரிகளின் பட்டியலுக்குப் பழைய முறையே போதும்.