மிச்ச நூலுக்கு இரட்டை ஊசியா, குரோஷா ஊசியா?

ஸ்வெட்டர் பின்னி முடித்தபின் எஞ்சும் 30, 40 கிராம் உல்லன் நூலை இரட்டை ஊசியில் (நிட்டிங்) பின்னுவதா, நுனியில் கொக்கி உள்ள ஒற்றைக் குரோஷா ஊசியில் பின்னுவதா என்று முடிவு செய்யும்போது, கைப்பழக்கத்தைவிட நூலின் அளவையே நான் முதலில் பார்ப்பேன். நடுத்தரக் கனமுள்ள நூலில் 100 கிராமுக்கு ஏறத்தாழ 200 மீட்டர் இருக்கும். ஆகவே 30 கிராம் என்பது 60 மீட்டர்தான். ஒரே பரப்புக்கு இரட்டை ஊசியைவிடக் குரோஷா பொதுவாக மூன்றில் ஒரு பங்கு அளவுக்குக் கூடுதலாக நூலை விழுங்கும் என்பதால், நெற்றிப்பட்டை, குழந்தைத் தொப்பி போன்றவற்றுக்கு நான் இரட்டை ஊசியையே எடுக்கிறேன். அந்தத் துணி இழுத்தால் விரிந்து, விட்டால் சுருங்கித் தலையோடு ஒட்டி நிற்கும். குரோஷாவின் அடர்ந்த முடிச்சுகளில் அந்த நெகிழ்வு குறைவு.

ஆனால் நூல் எங்கே தீரும் என்று தெரியாதபோது குரோஷாவே கைகொடுக்கும். அதில் எப்போதும் ஒரே ஒரு கண்ணிதான் (நூல் வளையம்) திறந்திருக்கும் என்பதால், நினைத்த இடத்தில் நூலை வெட்டி இழுத்து முடித்துவிடலாம். இரட்டை ஊசியிலோ வரிசை முழுவதும் கண்ணிகள் திறந்தே இருக்கும். அவற்றை அடைப்பதற்கு மட்டும் துணியின் அகலத்தைப்போல் குறைந்தது மூன்று, நான்கு மடங்கு நூலை ஒதுக்கி வைக்க வேண்டும். விரலில்லாக் கையுறை பின்னுவோர் நூலைச் சமையலறைத் தராசில் இரண்டு சம உருண்டைகளாகப் பிரித்துக்கொண்டு, மணிக்கட்டிலிருந்து மேல்நோக்கிப் பின்னினால், நூல் தீரும் உயரத்திலேயே இரண்டு கைகளையும் ஒன்றுபோல் நிறுத்தலாம். பூ, புத்தகக்குறி போன்ற சிறு உருப்படிகளுக்குக் குரோஷாவே போதும்.

எந்த ஊசியானாலும் ஆட்டுக் கம்பளி நூலையும் செயற்கை இழையான அக்ரிலிக் நூலையும் ஒரே பொருளில் கலக்க வேண்டாம் என்று வலியுறுத்துவேன். வெந்நீரில் கசக்கித் துவைத்தால் சாதாரணக் கம்பளி சுருங்கி இறுகும், அக்ரிலிக் அப்படியே இருக்கும். பாடுபட்டுப் பின்னிய தொப்பி கோணிப்போகும். கம்பளி நூல் துண்டுகளின் நுனி இழைகளைப் பிரித்து, ஒன்றன்மேல் ஒன்று வைத்து, ஈரமாக்கி உள்ளங்கையில் தேய்த்தால் முடிச்சில்லாமல் ஒட்டிக்கொள்ளும். அக்ரிலிக்கில் அது நடக்காது. சூடான பாத்திரம் பிடிக்கும் துணிக்கு அக்ரிலிக் கூடவே கூடாது, அது சூட்டில் உருகும். அதற்குப் பருத்தி நூல் மிஞ்சும்வரை காத்திருங்கள்.