பில்லில் புது வால்வு, காருக்குள் பழைய வால்வு

தென்னாப்பிரிக்காவில், டர்பன் பக்கம் பழைய கார் வைத்திருக்கும் நண்பர்களுக்காக இதை எழுதுகிறேன். ஊரிலிருந்து வந்து இங்கே முதல் கார் வாங்கியிருப்பவர்கள் கொஞ்சம் கவனமாகப் படியுங்கள். ஒரு ஒர்க்‌ஷாப்பை நம்பி எனக்கு 6,840 ரேண்ட் போனது, அதில் 1,150 மட்டும் திரும்பி வந்திருக்கிறது.

என்னுடையது 2014 மாடல் சின்ன கார். ஓடும்போது ஒரு குறையும் கிடையாது. பெட்ரோல் போட்டுவிட்டுக் கிளம்பும்போது மட்டும் அடம்பிடிக்கும். சாவியைத் திருகினால் எஞ்சின் சுற்றும், ஆனால் பிடிக்காது. ஆக்சிலரேட்டரை அடிவரை மிதித்துக்கொண்டே திருகினால் இருமி இருமி எழுந்திருக்கும். இரண்டு மாதம் அப்படியே ஓட்டினேன், என் சோம்பேறித்தனம். பெரிய வெள்ளியன்று மவுண்ட் எட்ஜ்கோம்ப் மாரியம்மன் கோயிலுக்குப் போகிற வழியில் பெட்ரோல் போட்டோம். அன்றைக்கு மிதித்தும் எழவில்லை. அர்ச்சனைத் தட்டை மடியில் வைத்துக்கொண்டு மாமியார் பின் சீட்டில் இருக்க, பின்னால் நின்ற கார்கள் ஹாரன் அடிக்க, பத்து நிமிஷம் கழித்துதான் கிளம்பியது. சாயங்காலம் வீடு திரும்பும்போது செக் எஞ்சின் விளக்கும் எரிந்துவிட்டது.

சாட்ஸ்வொர்த்தில் வீட்டுக்குப் பக்கத்திலேயே ஒரு ஒர்க்‌ஷாப். பெயர் சொல்லப் போவதில்லை. பேச்செல்லாம் இங்கிலீஷில்தான், 'தம்பி' என்ற ஒரு சொல் மட்டும் தமிழ். அந்த ஒரு சொல்லில் நான் விழுந்துவிட்டேன் என்றே நினைக்கிறேன். ஸ்கேனரை மாட்டிப் பார்த்து, பி0441 என்று பிழைக் குறியீடு வருகிறது, எவாப் சிஸ்டம் (பெட்ரோல் ஆவியைப் பிடித்து எஞ்சினில் எரிக்கும் அமைப்பு) போய்விட்டது, பம்ப்பும் வீக், டேங்க்கைக் கழுவ வேண்டும் என்றார். நாலாயிரத்துக்குள் முடியும் என்று வாய்வார்த்தை. எழுதி வாங்கத் தோன்றவில்லை.

மூன்றாம் நாள் பில் வந்தது: பெட்ரோல் பம்ப் 2,900, டேங்க் சுத்தம் 950, புது பர்ஜ் வால்வு 1,150, டயக்னாஸ்டிக் 640, கூலி 1,200. பழைய பாகங்களைக் கேட்டேன். "பையன் குப்பையில போட்டுட்டான், தம்பி." சரி என்று பணத்தைக் கட்டிவிட்டு வந்தேன். விளக்கு அணைந்திருந்தது. ஸ்கேனரில் அந்தப் பிழைக் குறியீட்டை அழித்தாலே விளக்கு அணைந்துவிடும் என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை.

அடுத்த முறை பெட்ரோல் போட்டதும் அதே கதை.

அப்புறம்தான் உட்கார்ந்து படித்தேன். விஷயம் இவ்வளவுதான். கார் சும்மா நின்றாலும் டேங்க்கில் பெட்ரோல் ஆவியாகிக்கொண்டே இருக்கும். அந்த ஆவி வெளியே போய்க் காற்றைக் கெடுக்காமல் இருக்க, கரித்துகள் நிரப்பிய ஒரு டப்பா அதை உறிஞ்சி வைத்துக்கொள்ளும். அதுதான் கேனிஸ்டர். எஞ்சின் சூடாகி ஓடும்போது பர்ஜ் வால்வு திறக்கும், எஞ்சினின் உறிஞ்சு விசை அந்த ஆவியை இழுத்து எரித்துவிடும். வால்வு மூட முடியாமல் திறந்தபடியே சிக்கிக்கொண்டால்? பெட்ரோல் நிரப்பும்போது டேங்க்கிலிருந்து தள்ளப்படும் ஆவி நேராக எஞ்சின் வாசலில் போய் நிற்கும். காற்றைவிட ஆவி மிஞ்சிவிட்டால் எஞ்சின் பிடிக்காது. ஆக்சிலரேட்டரை முழுக்க மிதித்தால் ஏன் எழுந்தது என்றால், ஸ்டார்ட் செய்யும்போது அப்படி மிதித்தால் பல கார்களில் இன்ஜெக்டர் பெட்ரோல் விடுவதை நிறுத்திக்கொள்ளும். என் கார் நோயைத் தானாகவே சொல்லிக்கொண்டிருந்திருக்கிறது. பம்ப்புக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று இன்றுவரை புரியவில்லை.

ஒரு ஞாயிறு காலை, எஞ்சின் ஆறிக் கிடக்கும்போது பானெட்டைத் திறந்தேன். எஞ்சினுக்குக் காற்று போகும் குழாய்க்குப் பக்கத்தில் பர்ஜ் வால்வு. அதன் மேல் பத்து வருஷத்துத் தூசி, ஒயர் மூலையில் சிலந்தி வலை, பிளாஸ்டிக்கில் '14' என்று அச்சு. ஒரு மாதத்துக்கு முன் 1,150 ரேண்ட்டுக்குப் போட்ட 'புது' வால்வு இதுதான்! கழற்றும் முன் நாலு பக்கமும் போட்டோ எடுத்தேன். அதை எடுக்காமல் இருந்திருந்தால் இந்தப் பதிவே இருந்திருக்காது.

சோதனைக்குப் பெரிய கருவி எதுவும் தேவைப்படவில்லை. ஆறிய எஞ்சினை ஸ்டார்ட் செய்து, டேங்க் பக்கத்திலிருந்து வால்வுக்கு வரும் ஹோஸைக் கழற்றி, வால்வின் வாயில் விரலை வைத்தேன். எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது வால்வு மூடியிருக்க வேண்டும், விரலை இழுக்கக் கூடாது. என்னுடையது நன்றாக இழுத்தது. பிறகு எஞ்சினை நிறுத்தி வால்வைக் கழற்றி ஊதிப் பார்த்தேன். மின்சாரம் இல்லாதபோது காற்று போகவே கூடாது, இதில் ஸ்ட்ரா மாதிரி போனது. வாயில் வைத்து ஊதியது முட்டாள்தனம், மதியம்வரை நாக்கில் பெட்ரோல் வாடை. நீங்கள் ஒரு ரப்பர் குழாயும் கைப்பம்ப்பும் வைத்துச் செய்யுங்கள். வேலையை வெளியில் செய்யுங்கள், பக்கத்தில் சிகரெட்டோ மெழுகுவத்தியோ வேண்டாம்.

தரையில் தட்டியபோது வால்விலிருந்து கறுப்பாகக் குருணை விழுந்தது. கேனிஸ்டருக்குள் இருக்க வேண்டிய கரி! கரி இங்கே வந்திருக்கிறது என்றால் டப்பாவே உடைந்து கரைகிறது என்று அர்த்தம். காரை ஸ்டாண்டில் ஏற்றி, பின்னால் டேங்க் பக்கத்திலிருந்து அதைக் கழற்றினேன். கையில் எடுத்தால் கனம், ஆட்டினால் உள்ளே தளும்பியது.

டப்பாவுக்குள் திரவமாகப் பெட்ரோல் எப்படிப் போனது? பக்கத்து வீட்டு அங்கிள் வேலிக்கு அந்தப்புறமிருந்து ஒரே கேள்விதான் கேட்டார்: "நீ செவ்வாய்க்கிழமை கோஷ்டியா?"

ஆமாம். இந்த நாட்டில் மாதத்தின் முதல் புதன்கிழமை பெட்ரோல் விலை மாறும். ஏறப்போகிறது என்று தெரிந்தால் செவ்வாய் இரவு கராஜில் வரிசை நிற்கும் (இங்கே பெட்ரோல் பங்க்குக்கு கராஜ் என்றுதான் பெயர்). நாமே ஊற்றிக்கொள்ளும் வழக்கம் கிடையாது, அங்கே நிற்கும் ஊழியர்தான் ஊற்றுவார். 'கிளிக்' என்று நின்ற பிறகும் நான் "இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம்" என்று கழுத்துவரை நிரப்பச் சொல்வேன். மாதம் இருபது ரேண்ட் மிச்சம் பிடிக்க! அந்த அதிகப்படிப் பெட்ரோல் ஆவிக்குழாய் வழியாகக் கேனிஸ்டருக்குள் இறங்கிக் கரியை ஊற வைத்திருக்கிறது. இந்தப் பங்கு என் தப்பு, ஒத்துக்கொள்கிறேன்.

வால்வு ஸ்பேர் கடையில் 690 ரேண்ட். கேனிஸ்டர் புதிது வாங்கக் கட்டுப்படியாகவில்லை. அதே மாடல் ஸ்கிராப் காரிலிருந்து காய்ந்த, லேசான ஒன்றை 700-க்கு எடுத்தேன். இடையிலுள்ள குழாயைக் காற்றடித்துச் சுத்தம் செய்தேன். அதைச் செய்யாமல் வால்வை மட்டும் மாற்றினால் மிச்சக் கரி புது வால்வையும் அடைத்துவிடும். அதன் பிறகு நாலு தடவை பெட்ரோல் போட்டாகிவிட்டது, ஒரே திருகில் எழுகிறது. யூடியூபில் பெட்ரோல் மூடியை மாற்று, புகை விட்டு ஓட்டை தேடு என்று நிறைய வரும். அவை பெரும்பாலும் அமெரிக்கக் கார்களுக்கு. அங்கே 2000 மாடல்களிலிருந்து படிப்படியாக, அரை மில்லிமீட்டர் ஓட்டையைக்கூடக் கார் தானே கண்டுபிடிக்க வேண்டும் என்று விதி வந்தது. இங்கே விற்கும் பல கார்களில் அந்தச் சோதனை வசதியே கிடையாது.

போட்டோக்களோடு ஒர்க்‌ஷாப்புக்குப் போனேன். முதலில் "பையன் மறந்திருப்பான்" என்றார். 2008-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தை எடுத்துச் சொன்னேன். வேலைக்கு முன் மதிப்பீடு கொடுத்து நம் சம்மதம் வாங்க வேண்டும், நாம் வேண்டாம் என்று சொல்லாதவரை கழற்றிய பாகங்களைத் தனியாக வைத்துத் திருப்பித் தர வேண்டும், போட்ட பாகத்துக்கும் செய்த வேலைக்கும் மூன்று மாதம் உத்தரவாதம் உண்டு. அதற்குப் பிறகு 'தம்பி' போய் 'சார்' வந்தது. வால்வுக்கான 1,150 கைக்கு வந்தது. மற்றதைப் பற்றிப் பேசவே மாட்டேன் என்கிறார். வாகனத் தொழில் ஆம்பட்ஸ்மனுக்கு (வாடிக்கையாளர் புகார்களை விசாரிக்கும் அமைப்பு) புகார் எழுதி, பில்லும் போட்டோவும் இணைத்து அனுப்பியிருக்கிறேன்.

அந்த 2,900 ரேண்ட் பம்ப்பை நிஜமாகவே மாற்றினாரா என்று இன்னும் தெரியவில்லை. பின் சீட்டுக்கு அடியில் மூடி இருக்கிறது. டேங்க் காலியாகட்டும், திறந்து பார்த்துவிட்டுக் கீழே சேர்க்கிறேன்.