சக்கர நாற்காலியிலிருந்து ஒலித்த குரல்: லெட் செப்பெலினின் ‘பிரசன்ஸ்’

பிரிட்டிஷ் ராக் இசைக்குழுவான லெட் செப்பெலினின் இசைத்தொகுப்புகளில் பலரும் கடைசியாகக் கையில் எடுப்பது, 1976இல் வெளிவந்த ‘பிரசன்ஸ்’ஆகத்தான் இருக்கும். 1975 ஆகஸ்டில் கிரேக்கத்தின் ரோட்ஸ் தீவில் நேர்ந்த கார் விபத்தில் படுகாயமுற்ற பாடகர் ராபர்ட் பிளான்ட், அவ்வாண்டு நவம்பரில் மியூனிக் நகர ஒலிப்பதிவுக்கூடத்தில் சக்கர நாற்காலியில் அமர்ந்தபடி பாட, மூன்று வாரங்களுக்குள் முழுத் தொகுப்பும் பதிவாகிவிட்டது. அந்த அவசரமும் வலியும் ஒலியில் தெரிகின்றன. குறையாகச் சொல்லப்படும் இந்த ஒலியின் வறட்சியையே நான் இதன் தனிச்சுவை என்பேன். கீபோர்டு அறவே இல்லை.

பத்து நிமிடங்களைத் தாண்டும் ‘அகிலீஸ் லாஸ்ட் ஸ்டாண்ட்’ பாடலில் ஜிம்மி பேஜ் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கும் கிதார் இழைகளும், அவற்றின் அடியில் குதிரைப் பாய்ச்சலாக ஓடும் ஜான் பால் ஜோன்ஸின் எட்டு நரம்பு பேஸ் கிதாரும், ஜான் பான்ஹமின் டிரம்ஸும் சேர்ந்து, இக்குழுவின் மிகச் சிறந்த பதிவுகளுள் ஒன்றாக அதனை உயர்த்திவிடுகின்றன (ஹெட்போனில், சற்றுக் கூடுதல் ஒலியளவில் கேட்பது நல்லது). அமெரிக்கக் கறுப்பின மக்களிடையே பிறந்த புளூஸ் வகைப் பழைய பாடலொன்றைப் புரட்டிப்போட்ட ‘நோபடிஸ் ஃபால்ட் பட் மைன்’ அதற்கு அடுத்த நிலையில் நிற்கிறது.

‘ராயல் ஆர்லியன்ஸ்’ தவிர்க்கத்தக்கது. இறுதிப் பாடலான ‘டீ ஃபார் ஒன்’, 1970இல் இவர்களே பதிவுசெய்த மெதுநடைப் புளூஸ் ஒன்றை நினைவூட்டினாலும், அதன் தனிமையுணர்வு போலியானதன்று.