தடாவா, நாகலாபுரமா, குடியமா?

திருவொற்றியூர், எண்ணூர் பக்கம் இருக்கிற நமக்கு மலையில் நடக்க ஊட்டி வரைக்கும் போக வேண்டியதில்லை. காலையில் கிளம்பி இருட்டுவதற்குள் வீடு திரும்பும் தூரத்தில் மூன்று இடங்கள் இருக்கின்றன. மூன்றிலும் நடந்திருக்கிறேன்.

போய்ச் சேர சுலபம் தடாதான். சூலூர்பேட்டை மின்சார ரயிலைப் பிடித்து தடாவில் இறங்கினால், வரதய்யபாளையம் வழியாக ஆட்டோ. அருவியின் பெயர் உப்பலமடுகு. வனத்துறை கேட்டில் டிக்கெட் வாங்கிக்கொண்டு ஓடையை ஒட்டிப் பாறை பாறையாகத் தாண்டிப் போக வேண்டும். கார்த்திகை மழை ஓய்ந்து இரண்டு வாரம் கழித்துப் போங்கள். பங்குனிக்கு மேல் குட்டையில் தேங்கியதுதான் மிச்சம். குரங்குகள் பையைப் பிடுங்கும், சாப்பாட்டை வெளியே எடுக்காதீர்கள்.

அழகு என்றால் நாகலாபுரம். ஊத்துக்கோட்டை வழியாகப் போகலாம். சுனையின் அடியில் கிடக்கும் கூழாங்கல் வரை தெரியும், அதனாலேயே ஆழம் தெரியாது. அங்கே உயிர்கள் போயிருக்கின்றன. நீச்சல் தெரியாதவர்களும் உள்ளூர்த் துணை இல்லாதவர்களும் போகவே வேண்டாம். ஊருக்குள் கிருஷ்ணதேவராயர் கட்டிய வேதநாராயணர் கோயிலை மட்டும் பார்த்துவிட்டு வந்தாலும் போதும். பெருமாள் அங்கே மச்ச வடிவம்.

ஆனால் ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும் என்றால் நான் குடியம் என்பேன். அருவி கிடையாது. பூண்டி தாண்டி, குடியம் ஊரிலிருந்து முள்காட்டுக்குள் நடை. மயில் அகவுவது கேட்டுக்கொண்டே இருக்கும். திடீரென்று குகை வாய் திறக்கும். அண்ணாந்து பார்த்தால் கடலை மிட்டாயில் கடலை பதிந்தது போல, பாறை முழுக்க உருண்டைக் கற்கள். அந்தக் கல்லைத்தான் ஆதி மனிதர்கள் உடைத்துக் கைக்கோடரி செய்தார்கள். பக்கத்து அதிரம்பாக்கத்தில் நிலவியலாளர் ராபர்ட் புரூஸ் ஃபூட் 1863இல் அப்படிப்பட்ட கருவிகளைக் கண்டெடுத்தார். அங்கே கிடைத்தவற்றில் பழையவை சுமார் 15 லட்சம் ஆண்டுகள் முந்தியவை என்று 2011இல் வெளியான ஆய்வு சொல்கிறது. அதிரம்பாக்கத்தை ஒட்டி ஓடுவது கொசஸ்தலை ஆறு, எண்ணூர் முகத்துவாரத்தில் நாம் தினமும் பார்க்கிற அதே ஆறு! முதல் தடவை அது உறைத்தபோது எனக்குச் சிலிர்த்துவிட்டது.

சரி, போவதென்றால் தை மாதம் போங்கள். வழியில் கடை இல்லை, ஆளுக்கு மூன்று லிட்டர் தண்ணீர் வேண்டும். குகை மேல் தேன்கூடு தொங்கும். சத்தம் வேண்டாம், நெருப்பு வேண்டவே வேண்டாம். உள்ளே அம்மனைக் கும்பிடுகிறார்கள், செருப்பை வெளியே விட்டுவிடுங்கள்.