கற்பனையுலகில் ஒரு கொலை: எந்த விதிமுறையில் துப்பறிவது?

மந்திரம் நிறைந்த கற்பனையுலக ரோல்-பிளே ஆட்டத்தில் (ஆட்டக்காரர்கள் கதைமாந்தர்களாக நடித்துக் கதையை நகர்த்தும் ஆட்டம்) கொலை மர்மம் ஒன்றை நடத்தும்போது, துப்புகள் ஆட்டக்காரர்களின் கைக்கு எவ்வாறு வந்து சேர்கின்றன என்பதே ஆட்டத்தின் போக்கைத் தீர்மானிக்கிறது. இதில் டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ், கம்ஷூ, பிரின்டில்வுட் பே ஆகிய மூன்று விதிமுறைகள் மூன்று வேறு வழிகளில் செல்கின்றன.

2014இல் வெளிவந்த டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஐந்தாம் பதிப்பில், தடயத்தைத் தேடுபவர் வழக்கமாக 20 முகப் பகடையை உருட்டி, விழுந்த எண்ணோடு தம் திறனைக் கூட்டி இலக்கை எட்ட முயல்கிறார். இலக்கு 15 என்றும் அவருடைய திறன் 5 என்றும் கொண்டால், நூற்றுக்கு 45 முறை அவர் வெறுங்கையோடு திரும்புவார். கதை நகர்வதற்கு அந்த ஒரு தடயமே வழி என்றால் ஆட்டம் அங்கேயே நின்றுவிடும்.

ஆயினும் இந்த ஆட்டத்தின் பெரிய வளம் அதன் மந்திரங்களே. இறந்தவரைப் பேசவைக்கும் மூன்றாம் நிலை மந்திரம் புலனாய்வையே கெடுத்துவிடும் என்று பலர் அஞ்சுகின்றனர். விதியை ஊன்றிப் படித்தால் அந்த அச்சம் மிகையானது என்பது விளங்கும். பிணத்திடம் ஐந்து கேள்விகள்தாம் கேட்கலாம். உயிரோடிருந்தபோது அறிந்ததை மட்டுமே அது சொல்லும். அதற்கு வாய் இருந்தாக வேண்டும். மாற்றுருவில் வந்து குத்தியவனின் பெயரைக் கேட்டால், பிணம் குற்றமற்ற ஒருவரை மனமறிந்த பொய்யின்றியே காட்டிக்கொடுக்கும். மேலும், ஒரு பிணத்தின்மீது இம்மந்திரத்தை ஏவியபின் பத்து நாள்களுக்கு மீண்டும் ஏவ முடியாது. ஆகவே கொலையாளியே முந்திக்கொண்டு அதை ஏவியிருந்தால் பிணம் ஊமையாகக் கிடக்கும். ஆனால் அந்த ஊமைத்தனமே, இம்மந்திரம் அறிந்த ஒருவர் ஏற்கெனவே வந்துபோயிருக்கிறார் என்ற அருமையான துப்பாகிவிடுகிறது. இத்தகைய சுவையை மற்ற இரண்டிலும் இவ்வளவு எளிதாகப் பெற முடியாது.

ராபின் லாஸ் வடிவமைத்த கம்ஷூ விதிமுறை பகடையின் தடையை அடியோடு நீக்குகிறது. உரிய திறமை உள்ளவர் உரிய இடத்தில் தேடினால், கதைக்கு இன்றியமையாத துப்பு பகடையின்றியே கிடைக்கும். புள்ளிகளைச் செலவிட்டால் கூடுதல் பயன் உண்டு. கெவின் கல்ப், எமிலி டிரெஸ்னர் ஆகியோரின் சோர்ட்ஸ் ஆஃப் தி செர்பன்டைன் என்ற ஆட்டம் இதைக் கற்பனையுலகுக்குக் கொண்டுவந்துள்ளது. துப்பைக் கண்டுபிடிப்பதைவிட அதன் பொருளை ஆராய்வதே இங்கு வேலை என்பதால், வாதிட விரும்பும் குழுவுக்கு இதையே முதலில் பரிந்துரைப்பேன்.

பிரின்டில்வுட் பே கற்பனையுலக ஆட்டம் அன்று. அதன் முறையை எடுத்தாளலாம் என்பதற்காகவே குறிப்பிடுகிறேன். அதில் கொலையாளி யாரென்று ஆட்டத்தை நடத்துபவருக்கே தெரியாது. ஆட்டக்காரர்கள் ஒரு கருத்தை முன்வைத்து, இரண்டு ஆறுமுகப் பகடைகளின் கூட்டுத்தொகையோடு தாம் பயன்படுத்திய துப்புகளின் எண்ணிக்கையைச் சேர்த்து, மர்மத்தின் சிக்கலளவைக் கழிக்கிறார்கள். விடை போதிய அளவு உயர்ந்தால் அவர்கள் சொன்னதே உண்மையாகிறது. கதை புனைவதற்கு இது அழகிய வழி. புதிரை விடுவித்த நிறைவைத் தேடுவோருக்கு ஏமாற்றம்.

டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஏற்கெனவே பழகிய குழு வேறொன்றைக் கற்க வேண்டியதில்லை. முக்கியத் துப்பைப் பகடையின்றித் தந்துவிட்டு, அதற்குச் செலவாகும் நேரத்தையும் கூடுதல் விவரத்தையும் மட்டும் பகடைக்கு விடலாம். கம்ஷூவிடமிருந்து இவ்வளவு கடன் வாங்கினால் போதும். மூன்றாவது முறையை இப்படிப் பாதியாகக் கடன் வாங்க முடியாது. கொலையாளியை மனத்தில் முன்பே முடிவுசெய்துகொண்டு, தீர்ப்பைப் பகடையிடம் விட்டால், சரியாக ஊகித்த குழுவும் தோற்கக்கூடும்.