கிரேக்கப் புராணம் படிக்க எந்த நாவல்: இன்றைய நகரமா, பழைய டிராயா?

கிரேக்கப் புராணங்களை வைத்து எழுதப்பட்ட இளையோர் நாவல்களில் இரண்டு வகை உண்டு. தெய்வங்களை நம் காலத்துக்கு இழுத்து வருவது ஒரு வகை. ரிக் ரியோர்டனின் பெர்சி ஜாக்சன் வரிசை இதில் முன்னோடி. வாசகரைப் பழங்காலத்துக்கே அழைத்துப் போவது மற்றது. கிரேக்கர்கள் முற்றுகையிட்டதாகச் சொல்லப்படும் டிராய் நகரத்தை வைத்து அடெல் ஜெராஸ் 2000-இல் எழுதிய 'டிராய்' போன்றவை. அண்ணன் மகளுக்கு இலக்கியமும் வரலாறும் சேர்த்துச் சொல்லித்தர ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டி வந்தபோது நான் முதல் வகையை எடுத்தேன். 'உருப்படியான புத்தகம் எது' என்று கேட்டால் பெரியவர்கள் பெரும்பாலும் இரண்டாவதைத்தான் காட்டுவார்கள்.

முதல் வகை வேகமானது, சிரிக்க வைப்பது. இரண்டாவது நிதானமானது; போரும் மரணமும் நிறைந்திருப்பதால் கொஞ்சம் வளர்ந்த பிள்ளைகளுக்கு உரியது. இதையெல்லாம் பின்னட்டையே சொல்லிவிடும். நான் முடிவெடுத்தது வேறொன்றைப் பார்த்து: மூலக்கதையில் ஆசிரியர் வெட்டி ஒட்டிய இடத்தில் தையல் வெளியே தெரிகிறதா?

2005-இல் வந்த பெர்சி ஜாக்சன் வரிசையின் முதல் நாவலான 'தி லைட்னிங் தீஃப்'பில், தெய்வங்கள் வாழும் ஒலிம்பஸ் மலை நியூயார்க்கின் எம்பயர் ஸ்டேட் கட்டடத்தின் 600-ஆவது மாடியில் இருக்கிறது. அந்தக் கட்டடத்துக்கு இருப்பதே 102 மாடிதான். எந்தப் பிள்ளையும் இதை வரலாறு என்று நம்பாது. தன்னைப் பார்ப்பவரைக் கல்லாக்கும் மெடூசா சாலையோரத்தில் சிலைக்கடை நடத்துகிறாள். தாமரை உண்டு ஊரை மறந்தவர்களின் நாடு, லாஸ் வேகஸில் ஒரு சூதாட்ட விடுதியாகிவிடுகிறது. இது கற்பனை என்று பார்த்தவுடன் தெரிவதால், 'அப்படியானால் உண்மைக் கதை என்ன?' என்ற கேள்வி தானாக எழுகிறது. பழங்கிரேக்கக் கவிஞர் ஹோமரின் 'ஒடிசி' காவியத்தில் 9-ஆம் பாடலைத் திறந்தால் தாமரை உண்டவர்களுக்குச் சில வரிகள்தான் ஒதுக்கப்பட்டிருக்கின்றன. அந்தச் சில வரிகளை ஒரு நாவலாசிரியர் எப்படி ஊதிப் பெருக்கினார், எதற்காக என்று பேசத் தொடங்கினால் அதுவே இலக்கிய வகுப்பு.

மெடூசா இன்னும் வளமான இடம். அவள் கடல் தெய்வம் பொசைடனின் காதலியாக இருந்ததாகவும் தேவி அதீனாவின் சாபத்தால் இப்படி ஆனதாகவும் நாவலில் வருகிறது. கி.மு. 700 வாக்கில் எழுதிய கிரேக்கக் கவிஞர் ஹெசியட்டிடம் இந்தச் சாபமே கிடையாது. கோர்கன் சகோதரிகள் மூவரில் ஒருத்தியாகத்தான் அவள் வருகிறாள். அழகியாக இருந்து சபிக்கப்பட்டவள் என்ற கதையை விரித்துச் சொன்னவர் ரோமானியக் கவிஞர் ஓவிட், ஏறக்குறைய 700 ஆண்டுகள் கழித்து. நாம் 'கிரேக்கக் கதை' என்று பொதுவாகச் சொல்வதில் எவ்வளவு ரோம் கலந்திருக்கிறது என்பது இந்த ஒரு பாத்திரத்தை வைத்தே புரிந்துவிடும். வரலாறு இங்கே பின்வாசல் வழியாக வருகிறது.

'டிராய்' மட்டமான நாவல் அல்ல. எழுத்தழகில் அதுவே மேல் என்பேன். காயம்பட்டவர்களைக் கவனிக்கும் சாந்தி, போருக்குக் காரணமான ஹெலனிடம் பணிபுரியும் மார்பெஸா என்ற இரு சகோதரிகள் வழியாக முற்றுகையின் கடைசிக் காலத்தைப் பார்க்கிறோம். போர்க்காவியத்தைப் பெண்கள் பக்கமிருந்து வாசிக்கப் பழக இது நல்ல பயிற்சி. சிக்கல், அதன் தையல் மிக நேர்த்தியாக இருப்பதுதான். எது ஹோமர், எது அகழாய்வு, எது ஆசிரியரின் கற்பனை என்று பிள்ளையால் பிரிக்க முடிவதில்லை. எனக்கே புத்தகங்களைப் புரட்ட வேண்டியிருந்தது. ஹோமரே ஒரு கலவை வேறு. டிராய்ப் போரைப் பாடும் அவருடைய 'இலியட்'டின் 10-ஆம் பாடலில் வரும் காட்டுப்பன்றிக் கோரைப்பல் தலைக்கவசம், அந்தப் போர் நடந்ததாகச் சொல்லப்படும் வெண்கலக் காலத்தில் வாழ்ந்த மைசீனியக் கிரேக்கர்களின் கல்லறைகளில் உண்மையாகவே கிடைத்திருக்கிறது. ஆனால் அதே காவியத்தில் வீரர்களை எரிக்கிறார்கள், மைசீனியர்களோ பெரும்பாலும் புதைத்தவர்கள். கிரேக்க வீரர்கள் ஒளிந்து டிராய்க்குள் நுழைந்த மரக்குதிரை 'இலியட்'டில் இல்லை, அந்தக் காவியம் டிராய் இளவரசன் ஹெக்டரின் ஈமச்சடங்கோடு முடிந்துவிடுகிறது. ஏற்கெனவே பல காலங்கள் குழம்பிக் கிடக்கும் இடத்தில் நாவல் இன்னொரு காலத்தையும் ஓசைப்படாமல் சேர்க்கிறது. பிள்ளைகளை மட்டும் குறை சொல்வானேன்? கதையை அப்படியே நம்பித் தோண்டிய ஜெர்மானிய அகழாய்வாளர் ஷ்லீமன் 1873-இல் கண்டெடுத்து, டிராய் மன்னன் பெயரால் 'பிரியாமின் புதையல்' என்று கொண்டாடியது, டிராய்ப் போருக்குச் சொல்லப்படும் காலத்தைவிட ஆயிரம் ஆண்டுக்கு மேல் பழையது.

என் கட்சிக்கும் ஓட்டை உண்டு. மேற்கத்திய நாகரிகத்தின் மையம் எங்கே நகர்கிறதோ அங்கே கிரேக்கத் தெய்வங்களும் போகும், இப்போது அது அமெரிக்கா என்று பெர்சி ஜாக்சனில் அவனுடைய ஆசான் கைரன் விளக்குகிறார். இது வெறும் கதை உத்தி அல்ல, ஒரு வரலாற்றுக் கருத்து; அதுவும் கேள்வி கேட்க வேண்டிய கருத்து. 600-ஆவது மாடியைப் பார்த்துச் சிரிக்கும் பிள்ளை இதைச் சிரிக்காமல் விழுங்கிவிடும். இங்கே நிறுத்திப் பேசியே ஆக வேண்டும். தவிர, அடிமைகள், தறி, கப்பல், பசி என்று அன்றாட வாழ்க்கை எதுவும் இந்த வரிசையில் கிடைக்காது. அதற்கு 'டிராய்' போன்றவற்றிடம்தான் போக வேண்டும்.

பதினாறு வயதைத் தாண்டியவர்களோடு சேர்ந்து வாசித்த அனுபவம் எனக்குக் குறைவு. மூலத்தை முன்பே படித்தவர்களுக்கு என் தேர்வு தலைகீழாகலாம் என்று ஊகிக்கிறேன். தையல் எங்கே என்று தேடுவதே அவர்களுக்கு விளையாட்டாகிவிடும்.

பன்னிரண்டு, பதின்மூன்று வயதுக்கு என்றால் பெர்சி ஜாக்சனின் முதல் இரண்டு நாவல்களை முதலில் கொடுங்கள். கூடவே 'ஒடிசி'யின் 9 முதல் 12 வரையிலான பாடல்களை ஒரு நல்ல மொழிபெயர்ப்பில் வைத்துக்கொள்ளுங்கள். ஒற்றைக்கண் அரக்கன், சூனியக்காரி சர்ஸி, பாடி மயக்கும் சைரன்கள், கடல் அரக்கி ஸில்லா என்று இரண்டாம் நாவலில் வருபவர்கள் எல்லாரும் அங்கே இருக்கிறார்கள். 'டிராய்' ஓரிரு ஆண்டு பொறுக்கட்டும். கொடுக்கும்போது 'இலியட்'டின் 6, 22, 24-ஆம் பாடல்களையும் சேர்த்தே கொடுங்கள்.