ஷாஷாங்க், அல்கட்ராஸ், மோன்லுக்: எந்தத் தப்பித்தல் உசத்தி?

சிறைப் படம் என்றதும் எல்லோரும் ஃபிராங்க் டாரபான்ட்டின் 'தி ஷாஷாங்க் ரிடெம்ப்ஷன்' (1994) பக்கம்தான் கை காட்டுவார்கள். அதோடு மோதிப் பார்க்கத் தகுந்தவை இரண்டு: டான் சீகலின் 'எஸ்கேப் ஃப்ரம் அல்கட்ராஸ்' (1979), ராபர்ட் பிரெஸ்ஸோனின் 'எ மேன் எஸ்கேப்ட்' (1956). மூன்றிலும் நாயகன் சின்னக் கருவி ஒன்றை வைத்துப் பொறுமையாகச் சுரண்டுகிறான். அந்த வேலையை நம் கண்ணில் காட்டுவதா மறைப்பதா என்பதில்தான் படங்கள் பிரிகின்றன.

பிரெஸ்ஸோன் எதையும் மறைப்பதில்லை. 1943இல், ஜெர்மானியர் வசமிருந்த லியோன் நகரின் மோன்லுக் சிறையிலிருந்து தப்பிய ஆந்த்ரே தெவிஞி எழுதிய அனுபவம்தான் கதை. நாயகன் ஃபோன்டேன் இரும்புக் கரண்டியைத் தரையில் தேய்த்து உளியாக்குகிறான். கதவின் ஓக் பலகைகளை இணைப்பது மென்மையான மரம் என்று கண்டுபிடித்து, அந்த இணைப்பை மட்டும் செதுக்குகிறான். விழும் சீவலைக் கூட்டி அள்ளுவதுகூடக் காட்சிதான். துணியைக் கீறிக் கட்டில் கம்பியைச் சுற்றிக் கயிறு தயாராகிறது. இன்னொரு கைதி ஓர்சினி முந்திக்கொண்டு ஓடிப் பிடிபட்டதால்தான், கொக்கி இல்லாமல் சுவர் தாண்ட முடியாது என்பதே தெரியவருகிறது. விளக்கின் சட்டம் கொக்கியாகிறது. தலைப்பே முடிவைச் சொல்லிவிட்டாலும் பதற்றம் குறையாததற்குக் காரணம் இந்தத் துல்லியம். முகத்தில் உணர்ச்சியே காட்டாத, தொழில்முறை சாராத நடிகர்கள் என்பதால் முதல் அரைமணி நேரம் வறட்சியாகத் தோன்றலாம்.

அல்கட்ராஸ் படத்தின் பலம், அந்த அமெரிக்கச் சிறை இருந்த நிஜத் தீவிலேயே எடுத்தது. 1962 ஜூன் 11 இரவு ஃபிராங்க் மாரிஸும் ஆங்க்லின் சகோதரர்களும் தப்பிய சம்பவம்: காற்றோட்டக் கம்பிவலையைச் சுற்றி உதிரும் காங்கிரீட், படுக்கையில் நிஜத் தலைமுடி ஒட்டிய பொம்மைத் தலைகள், மழைக்கோட்டுகளை இணைத்துச் செய்த தெப்பம். மனிதர்கள்தான் மெலிவு. வரையும் உரிமை பறிபோனதும் தன் விரல்களையே வெட்டிக்கொள்ளும் கைதி டாக் ஒருவர்தான் மனதில் நிற்கிறார்.

ஷாஷாங்க் நேரெதிர். நாயகன் ஆண்டியின் கைக்குச் சின்னப் பாறைச் சுத்தியல் வருகிறது, சுவரில் சுவரொட்டி ஏறுகிறது, அப்புறம் அந்தப் பேச்சே கிடையாது. அதை வைத்துச் சுரங்கம் தோண்ட 600 வருடம் ஆகும் என்று அவன் சக கைதியும் நண்பனுமான ரெட் சொல்வதை நாமும் நம்பிவிடுகிறோம். ஏறத்தாழ 19 வருடத்தைப் படம் வேறு விஷயங்களால் நிரப்புகிறது: கூரைக்குத் தார் பூசியதற்குக் கூலியாகத் தலைக்கு மூன்று பியர், நூலகத்துக்காக வாரம் ஒரு கடிதம் என ஆறு வருடம் எழுதிக் கிடைக்கும் 200 டாலர். ஐம்பது வருடம் உள்ளே இருந்துவிட்டு வெளியே வாழ முடியாமல் தூக்கில் தொங்கும் முதிய கைதி புரூக்ஸ். 20, 30, 40 வருடங்கள் கழித்து நடக்கும் ரெட்டின் மூன்று பரோல் விசாரணைகள். படத்தின் முதுகெலும்பு இந்த இரண்டும்தான். ஆண்டி தப்பிப்பது அதற்குமேல் ஒரு போனஸ் என்பேன். மனம் சிறைக்குப் பழகிப்போவதை மற்ற இரண்டு படங்களும் இந்த ஆழத்தில் தொடவில்லை.

தொழில்நுட்பக் கறார் பார்த்தால் ஷாஷாங்க் மூன்றாவது இடம்தான். தப்பிக்கும்போது ஆண்டி சாக்கடைக் குழாயைக் கல்லால் உடைத்ததும் கழிவுநீர் மேலே பீய்ச்சியடிக்கிறது. அழுத்தமே இல்லாத குழாயில் அது நடக்காது. அந்தக் குழாயில் ஆண்டி ஊர்ந்து கடக்கும் 500 கெஜத்தை 'அரை மைலுக்குச் சற்றுக் குறைவு' என்கிறார் ரெட். கணக்குப்படி அது கால் மைலுக்குச் சற்று அதிகம்.

மூன்றையும் பார்ப்பதாக இருந்தால் ஷாஷாங்கில் தொடங்குங்கள். முடிவு தெரிந்தால் அடிபடுவது அது மட்டும்தான். பிரெஸ்ஸோனை இரண்டாவதாக, ஹெட்ஃபோனோடு பாருங்கள். காவலர் சாவிக்கொத்தைக் கம்பிகளில் உரசும் சத்தமெல்லாம் அங்கே கதையின் பகுதி.

முடிவுகளில் என் ஓட்டு பிரெஸ்ஸோனுக்கு. சுவர் தாண்டிய மறுகணம் மோட்சார்ட் ஒலிக்கப் படம் முடிந்துவிடுகிறது. ஷாஷாங்கையும் ரெட் பேருந்தில் போவதோடு முடிக்கத்தான் டாரபான்ட் நினைத்திருந்தார். தயாரிப்பு நிறுவனம் வற்புறுத்தியதால் ரெட்டும் ஆண்டியும் கடற்கரையில் சந்திக்கும் காட்சி சேர்ந்தது. அது ரசிகர்களுக்குப் பிடித்த காட்சி, மறுக்கவில்லை. ஆனாலும் பேருந்தோடு நிறுத்தியிருந்தால் நண்பனைப் பார்ப்பானா மாட்டானா என்பது தெரியாமல் ரெட் நம்பிக்கொண்டிருப்பான், நாமும்தான்.